டிஸ்சார்ஜ் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மருந்து கொடுப்பது எப்படி: முன்பே தெரிந்திருக்க வேண்டியவை

மருத்துவமனையில் இருக்கும்வரை மருந்து நம் வேலையாகவே இருப்பதில்லை. நர்ஸ்கள் ஷிப்ட் ஷிப்டாக வருகிறார்கள், சார்ட்டைப் பார்க்கிறார்கள், நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள், கொடுத்து முடித்ததும் குறித்துக்கொள்கிறார்கள். ஒரு வேளை மருந்தை நோயாளி வேண்டாம் என்று தள்ளினால் அதுவும் பதிவாகிறது, ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் ஏன் என்று கேட்கிறார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஆள் கைக்கு வந்துவிடுகிறது. அந்த ஆள் பல ராத்திரி சரியாகத் தூங்காதவர். பில் கட்ட ஒரு கவுண்டர், ரிப்போர்ட் வாங்க இன்னொரு கவுண்டர் என்று அலைந்துகொண்டிருப்பவர். அவரிடம் ஒரு பையையும் நாலு தாளையும் கொடுத்து, ‘இது காலையில, இது ராத்திரி, இது சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். வீட்டில் பையைப் பிரித்து மேசையில் பரப்பியதும் வயிற்றைக் கலக்குகிறது. இதில் எதைத் தவறாகக் கொடுத்தாலும் திரும்ப அங்கேதான் போய் நிற்க வேண்டும் என்ற பயம். துணைக்கு ஆள் இல்லாமல் அந்தப் பயத்தோடு நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தப் பயம் வீண் பயம் இல்லை, நம் வீட்டுக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்தால் வரும் பாதிப்புகளைக் குறைக்க ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. அதில் மூன்று இடங்களில் தனிக்கவனம் வேண்டும் என்று சொன்னது: ஆபத்து மிகுந்த சூழ்நிலைகள், ஒரே ஆள் பல மருந்துகளைச் சாப்பிடுவது, சிகிச்சை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் கைமாறுவது. பெரிய சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வயதானவருக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. அதே நிறுவனத்தின் 2003 அறிக்கை, நீண்டகால நோய்களுக்கு மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் என்றது. ஆகவே வீட்டில் ஒருவர் மாத்திரையைத் தவறவிடுகிறார் என்றால் அவரைப் பொறுப்பில்லாதவர் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் ஏற்பாட்டில் ஓட்டை இருக்கும், அல்லது அவர் வெளியே சொல்லாத ஒரு காரணம் இருக்கும்.

வாசலைத் தாண்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அங்கே அரை மணி நேரம் கூடுதலாக நின்றால் பின்னால் பல நாள் அலைச்சல் மிச்சம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருந்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே மருந்துகள், ஒரே அளவு இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சம்மரி ஒருவர் டைப் செய்தது, சீட்டு இன்னொருவர் எழுதியது என்றால் வித்தியாசம் வர வாய்ப்பு உண்டு. வந்தால் அங்கேயே கேளுங்கள். அடுத்து, இன்று மருத்துவமனையில் என்னென்ன கொடுத்துவிட்டார்கள், கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, வீட்டில் முதல் டோஸ் எத்தனை மணிக்கு? இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றுவதே இல்லை. காலையில் வார்டில் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையை மதியம் வீட்டுக்கு வந்ததும் மறுபடி கொடுத்துவிட்டு, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவதும், ராத்திரி போட வேண்டிய ஊசியை ‘அங்கேயே போட்டிருப்பார்கள்’ என்று விட்டுவிடுவதும் இதனால்தான். ஒவ்வொரு மருந்தும் எதற்காக, எத்தனை நாள், நிறுத்தும் தேதி உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, கேட்டதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: ‘அப்படின்னா இந்த வெள்ளை மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, ஏழு நாள், அப்புறம் நிறுத்திடணும், சரிதானே?’ தலையாட்டும்போது வெளியே வராத குழப்பம் வாய்விட்டுச் சொல்லும்போது வந்துவிடும். ராத்திரியில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் புதுப் பையைத் திறக்காதீர்கள். முதலில் பழைய மருந்துகளை எடுங்கள். அட்மிட் ஆவதற்கு முன் சாப்பிட்ட அட்டைகள், அலமாரியில் இருக்கும் பாட்டில்கள், தலையணைக்கு அடியில் இருக்கும் வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி, சத்து மாத்திரை எல்லாவற்றையும். வீட்டில் நடக்கும் தவறுகளில் நான் மிகவும் பயப்படுவது இரட்டை மருந்துக்குத்தான். டெல்மிசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்து பல நிறுவனப் பெயர்களில் வருகிறது. பழைய அட்டையில் ஒரு பெயர், புது அட்டையில் வேறு பெயர், மாத்திரையின் நிறமும் வேறு. உள்ளே இருப்பது ஒன்றேதான். கூட்டு மாத்திரை என்றால் இன்னும் சிக்கல்: பழையது டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்தது, புதிதாக அம்லோடிபின் மட்டும் தனியாக எழுதியிருக்கிறார்கள் என்றால், பழையது தொடர்கிறதா நிற்கிறதா? சீட்டில் பழைய மருந்தைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் இருப்பது நிறுத்து என்பதும் ஆகாது, தொடர் என்பதும் ஆகாது. கேட்டே ஆக வேண்டும். ஆகவே அட்டையின் பெரிய எழுத்துப் பெயரைப் பார்க்காமல், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் பார்த்துப் பழகுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டவே கூடாது. வயதானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர் இதைவிடக் குறைவாகத்தான் வைப்பார். நின்றுபோன பழைய மருந்துகளை ஒரு பையில் போட்டு, ‘கொடுக்கக் கூடாது’ என்று மேலே எழுதி, நோயாளி இருக்கும் அறையை விட்டே வெளியேற்றுங்கள். உடனே தூக்கி எறிய வேண்டாம். முதல் ரிவ்யூவில் டாக்டர் பார்க்கக் கேட்பார்.

பணம் போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் மூன்று மாதத்துக்கான மருந்தை ஒரேயடியாக வாங்கிவிடத் தோன்றும். முதல் ரிவ்யூவில் அளவு மாறுவது சகஜம். மாறினால் வாங்கியதெல்லாம் வீண், பிரித்த அட்டையைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள். ரிவ்யூ தேதி வரைக்கும், அதற்கு மேல் நாலைந்து நாளுக்கும் போதுமான அளவு வாங்கினால் போதும். ஆனால் தீரும்வரை காத்திருக்கவும் கூடாது. ஒரு வாரத்துக்கான மருந்து மீதம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். சில மருந்துகள் எல்லாக் கடையிலும் கிடைக்காது, வரவழைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அட்டையை வெட்டி வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் நம்மிடம் வருகிறதா என்று பாருங்கள். மாத்திரைகளை எடுக்கும்போதும் தேதி இல்லாத முனையிலிருந்தே எடுங்கள். கடைக்காரர் ‘அது இல்லை, இதுவும் அதேதான்’ என்று வேறு நிறுவன மாத்திரை தந்தால் தப்பில்லை, பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மூலப்பெயர், மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகை என்பதைக் காட்டப் பெயருக்குப் பின்னால் வரும் எஸ்ஆர், எக்ஸ்எல் போன்ற எழுத்துகள் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மூன்றுக்கும் நிறுவனத்தை மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இனி ஒரு பட்டியல். எல்லோரும் முதலில் மாத்திரை டப்பா வாங்குகிறார்கள், போனில் அலாரம் வைக்கிறார்கள். என் அனுபவத்தில் வரிசை தலைகீழ். பட்டியல் முதலில், டப்பா அடுத்து, அலாரம் கடைசி. பட்டியல் தவறாக இருந்தால் அந்தத் தவறையேதான் டப்பாவும் அலாரமும் தினமும் தவறாமல் செய்யும். ஒரே தாள், பெரிய எழுத்து. ஒவ்வொரு வரியிலும் மூலப்பெயர், அட்டையில் இருக்கும் பெயர், மில்லிகிராம், எதற்காக, எத்தனை மணிக்கு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்தத் தேதி வரை, புதியதா பழையதா அளவு மாறியதா. மேலே நோயாளியின் பெயர், வயது, எடை, ஒவ்வாமை, பட்டியல் எழுதிய தேதி. கீழே நிறுத்தப்பட்ட மருந்துகளின் பெயரும் நிறுத்திய காரணமும். நிறுத்தியதை எழுதாவிட்டால், பல மாதம் கழித்து வேறொரு டாக்டர் அதையே மறுபடி எழுதிக் கொடுப்பார். எழுதி முடித்ததும் மருந்துக்கடையில் இருக்கும் மருந்தாளுநரிடம் காட்டி, ‘இதில் ஒன்றுக்கொன்று ஒத்துவராதது ஏதாவது இருக்கிறதா’ என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் நிதானமாகப் பார்த்துச் சொல்வார்கள். படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்திருங்கள்.

சீட்டில் இருக்கும் 1-0-1 என்பது காலை, மதியம், இரவு. நாலு எண் இருந்தால் நாலாவது படுக்கும் நேரம் அல்லது மாலை, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். அதற்கும் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, இடையில் எத்தனை மணி நேரம் என்று கேட்காமல் விடாதீர்கள். ‘ஒரு நாளைக்கு மூன்று வேளை’ என்பதும் ‘எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்பதும் எல்லா மருந்துக்கும் ஒன்றில்லை. சில ஆன்டிபயாட்டிக்குகளில் இடைவெளி சீராக இல்லாவிட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும். சாப்பாட்டோடு உள்ள தொடர்பையும் அலட்சியம் செய்யாதீர்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பேன்டோப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை காலை உணவுக்கு அரை மணி நேரம் முன். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு. எலும்பு வலுவுக்கான அலென்ட்ரோனேட் ஒரு டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீரோடு, விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கவே கூடாது, படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். நீர் பிரியும் மாத்திரையைப் பொதுவாகக் காலையில் கொடுப்பார்கள். சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி முழுக்க எழுந்து போக வேண்டிவரும், இருட்டில் விழுவது அப்போதுதான். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு நாளில் எட்டு ஒன்பது நேரங்கள் வந்துவிடும். அது எந்த வீட்டிலும் நிற்காது. பட்டியலை எடுத்துக்கொண்டுபோய், ‘இதை நாலு நேரமாகச் சுருக்க முடியுமா’ என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் முடியும். கேட்டால்தான் செய்வார்கள்.

டப்பாவை வாரம் ஒருமுறை, பகல் வெளிச்சத்தில், டிவி இல்லாத இடத்தில் உட்கார்ந்து நிரப்புங்கள். பட்டியல் ஒரு பக்கம், அட்டைகள் ஒரு பக்கம். ஒரு மருந்தை எடுத்தால் ஏழு நாளைக்கும் போட்டு முடித்துவிட்டு, அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க வேண்டும். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். முடித்ததும் ஒவ்வொரு அறையிலும் எத்தனை மாத்திரை என்று எண்ணிப் பாருங்கள். காலை அறை ஏழிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். எல்லாமே டப்பாவுக்குள் போகக் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை அதன் சொந்தப் பாட்டிலிலேயே இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகாட்ரான், வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் போன்றவை காற்றின் ஈரத்தில் கெட்டுவிடும், அவையும் உறையிலேயே இருக்கட்டும். ரத்தப் பரிசோதனை பார்த்து அளவு மாற்றும் வார்ஃபரினையும் ஒரு வாரத்துக்கு முன்கூட்டிப் போட்டு வைக்க வேண்டாம். அலாரம் அடித்தால் இருந்த இடத்திலேயே அணைத்துவிட்டு ‘இதோ வரேன்’ என்று சொல்வது வேண்டாம். டப்பா பக்கத்தில் போய் நின்றுதான் அணைக்க வேண்டும். தாளில் டிக் போடுவது மாத்திரையைக் கையில் கொடுத்ததும் இல்லை, விழுங்கிய பிறகு. கன்னத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு துப்புகிறவர்கள் உண்டு.

சில மருந்துகளுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். மெத்தோட்ரெக்சேட் முதலில் வருகிறது. மூட்டுவாதத்துக்கோ தோல் நோய்க்கோ கொடுத்தால் அது வாரம் ஒருமுறைதான். தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, அப்படிப் போன உயிர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பெரிதாக எழுதுங்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொன்றும் சேர்த்துக் கொடுப்பார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது, ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைத் தேதியைத் தவறவிடக் கூடாது. கீரை சாப்பிடலாம், ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று இருக்கக் கூடாது. புதிதாக ஆன்டிபயாட்டிக்கோ வலி மாத்திரையோ யார் எழுதினாலும் வார்ஃபரின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைச் சில வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க முடியாமல் நிலைகுலைந்துவிடும். டாக்டர் எழுதிய படிகளில்தான் குறைக்க வேண்டும். வலிப்பு மருந்தையும் மெட்டோப்ரோலால் வகை இதய மருந்தையும்கூடச் சட்டென்று நிறுத்தக் கூடாது.

இன்சுலினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டிலில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு வகை உண்டு, சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 100 யூனிட் பாட்டிலுக்கு 40 யூனிட் சிரிஞ்சைப் பயன்படுத்தினால் போட வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே பாட்டிலையும் சிரிஞ்சையும் அருகருகே வைத்து எண்ணைப் பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள். திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்து உறைந்தால் அது உதவாது. திறந்ததைப் பெரும்பாலான வகைகளில் சுமார் நாலு வாரம்தான் பயன்படுத்தலாம், திறந்த தேதியை மேலே எழுதுங்கள். பேனா ஊசியில் பட்டனை முழுக்க அழுத்தியபின் பத்து வரை எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். ஒரே இடத்தில் போடாமல் இடம் மாற்றிப் போடுங்கள், ஒரே இடத்தில் போட்டால் அங்கே கட்டி தட்டி மருந்து சீராகச் சேராது. சாப்பாடு முன்னால் வந்த பிறகு ஊசி போடுவது பாதுகாப்பு. ஊசி போட்டபின் ‘எனக்குப் பசிக்கலை’ என்றால் அதன்பின் நமக்கு நிம்மதி கிடையாது. வியர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நோயாளி ‘வேண்டாம்’ என்று சொல்வதுதான் இதில் மனதை அதிகம் வருத்தும் பகுதி. ராப்பகலாகப் பார்த்துக்கொள்கிறோம், அவரோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கோபம் வரும், அழுகையும் வரும். அதட்டிக் கொடுத்துவிடவும் முடியும், ஆனால் அடுத்த வேளை இன்னும் கடினமாகும். காரணத்தைத் தேடுவதுதான் வழி. கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘ஏன் போடலை?’ என்றால் பதில் வராது. ‘இதுல எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கவே மாட்டேங்குது?’ என்றால் வரும். ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும், அவர் சத்தமில்லாமல் அதை நிறுத்திவிடுவார். டாக்டரிடம் சொன்னால் வேறு வகை தருவார். மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கைத் தரும். அளவை மெல்ல ஏற்றியோ மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியோ சரிசெய்யலாம். அம்லோடிபினால் கால் வீங்கும், அதை நோய் முற்றிவிட்டது என்று நினைத்து பயப்படுவார்கள். நீர் பிரியும் மாத்திரையை வெளியே போகும் நாளில் வெட்கத்தால் தவிர்ப்பார்கள். அந்த நாளில் திரும்பி வந்தபின் கொடுக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. விரல் மூட்டு வலியால் அட்டையை அழுத்திப் பிரிக்கவே முடியாதவர், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ‘அப்புறம் போட்டுக்கறேன்’ என்பார். ‘எனக்காக இவ்வளவு செலவா’ என்று ஒன்றை விட்டு ஒன்று போடுகிறவர்களும் உண்டு. இந்த ஒன்று மட்டும் தெரியவந்தால் உடனே டாக்டரிடம் சொல்லி விலை குறைந்த மாற்று கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனச்சோர்வும் உண்டு. நீண்ட நாள் படுக்கையில் கிடந்து வந்தவருக்கு எதிலும் பிடிப்பு இல்லாமல் போகலாம். அது பிடிவாதம் போலத் தெரியும், ஆனால் சிகிச்சை தேவைப்படுகிற நிலை. உணவில் ஒளித்துக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஒருமுறை தெரிந்துவிட்டால் சாப்பாட்டையும் நம்பமாட்டார். மறதி நோய் முற்றியவருக்கு வேறு வழியே இல்லை என்றால் டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். நல்ல நினைவோடு இருப்பவரிடம் முடிந்த பொறுப்பை விட்டுவிடுங்கள். டிக் போடுவது அவர் கையாக இருக்கட்டும்.

விழுங்கச் சிரமப்படுகிறார் என்றால் உடனே உரலைத் தேடாதீர்கள். எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்று பெயரில் இருப்பவை பல மணி நேரம் மெதுவாகக் கரைய வேண்டியவை. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும். வயிற்றைத் தாண்டிக் குடலில் கரைய வேண்டிய மேற்பூச்சு மாத்திரைகளையும் பொடிக்கக் கூடாது. சிரப் வடிவம் உண்டா, கரையும் மாத்திரை உண்டா என்று கேளுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, முதலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, மோவாயைச் சற்றுக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொன்னால் பலருக்கு எளிதாக இருக்கும். குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தால் அது விழுங்கும் கோளாறு, டாக்டரிடம் காட்ட வேண்டும். மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பதென்றால் ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியாகக் கரைத்து, முன்னும் பின்னும் நடுவிலும் தண்ணீர் விட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து விட்டால் குழாய் அடைத்துவிடும், மறுபடி மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான். சிரப்பை வீட்டுக் கரண்டியில் அளக்காதீர்கள், ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வோர் அளவு. மில்லிலிட்டர் கோடு போட்ட ஊசியில்லாச் சிரிஞ்சு போதும். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தால் இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இரண்டு வகைக் கண் சொட்டு மருந்து என்றால் இடையில் ஐந்து நிமிடம் விட வேண்டும்.

ஒரு வேளை தவறிவிட்டது என்றால் பொதுவான வழி இது: சீக்கிரமே நினைவு வந்தால் கொடுத்துவிடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரண்டையும் சேர்த்து மட்டும் கொடுக்கக் கூடாது. ஆனால் ரத்தம் உறையாமல் தடுப்பவை, இன்சுலின், வலிப்பு மருந்து, உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்கான மருந்து இவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. டிஸ்சார்ஜ் நாளிலேயே கேட்டு, பட்டியலில் அந்த மருந்தின் பக்கத்தில் எழுதி வைத்திருங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால், மெட்ஃபார்மின், நீர் பிரியும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போல் தொடர்வது சிறுநீரகத்துக்குக் கெடுதல். தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே அழைத்துக் கேளுங்கள்.

எதற்கு அழைப்பது, எதற்குக் காத்திருக்கலாம் என்ற குழப்பம் ராத்திரியில்தான் வரும். இரும்புச் சத்து மாத்திரையால் மலம் கறுப்பது சாதாரணம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவருக்குத் தார்போல ஒட்டிக்கொண்டு துர்நாற்றத்தோடு போனால் அது உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம், உடனே போக வேண்டும். அவர் தலையில் அடிபட விழுந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் போக வேண்டும். இதயம் பலவீனமானவரைத் தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் கோக்கிறது என்று பொருள், மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் அழையுங்கள். புது மருந்து தொடங்கியபின் முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவமனைக்குத்தான், போனில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் ரிவ்யூவுக்குப் போகும்போது பட்டியல், டிக் போட்ட தாள், எடை, சர்க்கரை, ரத்த அழுத்தக் குறிப்புகள், எல்லா அட்டைகளும், அந்தப் பழைய மருந்துப் பையும் கூட வர வேண்டும். டாக்டரிடம் ‘எல்லாம் ஒழுங்காப் போட்டாரு’ என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். தவறியதை அப்படியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால், ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார், அடுத்த வாரம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டால் அழுத்தம் தேவைக்கு மேல் இறங்கிவிடும். ‘இதில் எதை இனி நிறுத்தலாம்?’ என்ற கேள்வியையும் கேளுங்கள். மருத்துவமனையில் இருந்தபோது தூக்கத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் தொடங்கியவை யாரும் கேட்காததாலேயே வருடக்கணக்கில் தொடர்வதுண்டு. மாற்றம் வந்த அன்றே புதுப் பட்டியல் எழுதி, புதுத் தேதி போட்டு, பழையதைக் கிழித்து, எல்லோர் போனிலும் இருக்கும் படத்தையும் மாற்றிவிடுங்கள். டப்பாவில் ஏற்கெனவே போட்டு வைத்த மீதி நாள்களின் மாத்திரைகளைக் கொட்டிப் புதிதாக நிரப்ப வேண்டும், இதை மறந்துவிடுவார்கள். இந்த வேலையை வீட்டில் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழுப் பொறுப்பையும் அவரிடம் விட்டால், நமக்குக் காய்ச்சல் வரும் நாளில் அவர் தடுமாறாமல் செய்வார்.